விருந்தினர் நீங்கிய வீதிகள்

கொடுத்தவன் மாய்ந்தபின் கொண்டவன் புலம்புவது கையறுநிலை. வள்ளல் இறந்துபட, அவன் கையால் உண்டவரும் உடுத்தவரும் செயலற்று நின்று பாடிய பாட்டுகள் புறநானூற்றில் பல. மன்னனுக்கும் குறுநிலத் தலைவனுக்கும் பாணரும் புலவரும் அக்கடனைச் செலுத்தினர். ஒரு நகரத்துக்குச் செருப்புத் தைத்தவனுக்கும், பல் கட்டியவனுக்கும், அடுமனை வைத்தவனுக்கும், பள்ளியும் மருத்துவமனையும் எழுப்பியவனுக்கும் அக்கடனைச் செலுத்துவார் யார்? அவர்கள் குடியோடு நீங்கிப் போனபின், அவர்களால் வாழ்ந்த ஊர் அவர்களை நினைந்து அழுததுண்டா?

கொல்கத்தாவின் நடுவே, பௌபஜாருக்கும் ஹூக்ளிக் கரைக்கும் இடைப்பட்ட சந்துகளில் ஒரு பகல் முழுவதும் நடந்தேன். அலுவல் ஏதும் இல்லை. விரைந்து சேரவேண்டிய இடமும் இல்லை. அந்நகருக்குச் செல்வோர் காளிகட்டம் தொழுவர், விக்டோரியா நினைவகம் காண்பர், ஹவுரா பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பர், திரும்புவர். திரெட்டா பஜாரையும், பௌ பாரக்ஸையும், போலக் தெருவையும், ஆர்மேனியன் தெருவையும் தேடி வருவோர் சிலரே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு நாழிகை நடைகூட இல்லை. ஆயினும் ஒரு தெருவின் குடிகள் கான்டனிலிருந்து வந்தவர்கள். ஒரு தெருவின் குடிகள் பாக்தாதிலிருந்தும் அலெப்போவிலிருந்தும் வந்தவர்கள். ஒரு தெருவின் குடிகள் பாரசீகத்து ஜுல்பாவிலிருந்து வந்தவர்கள். உலகின் நெடுவழிகள் பல வந்து முடிந்த இடம் இந்த ஒரு கல் தொலைவு. இங்கே காலால் நடப்பவனுக்கே கண் திறக்கும். கைவண்டியும் கை ரிக்‌ஷாவும் மூட்டை தூக்குவோரும் நெரியும் சந்துகளில், நின்று நின்று செல்பவனே சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க முடியும்.

கதிர் எழுமுன் திரெட்டா பஜாரை அடைந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சந்தையை அமைத்த எட்வர்டு திரெட்டா என்னும் இத்தாலியரின் பெயரை அது இன்றும் சுமந்து நிற்கிறது. போத்தார் கோர்ட் என்னும் உயர்ந்த கட்டடத்தின் அருகே, சன் யாட் சென் பெயர் தாங்கிய தெருவின் ஓரத்தில், விடியற்காலை உணவுச் சந்தை கூடுகிறது. அலுமினியப் பாத்திரங்களில் மீன் உருண்டைச் சாறு கொதிக்கிறது. ஆவித் தட்டுகளில் சியூ மாயும் இறைச்சி பொதிந்த பாவும் வேகின்றன. மூதாட்டி ஒருத்தி தட்டின் மூடியைத் தூக்கினாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. ஆவி கலையுமுன்பே, பாராமலே, இடுக்கியால் நான்கை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள். அந்தக் கைக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. அவளை அடுத்து அமர்ந்து விற்றவர் சீனர் அல்லர். அவருக்கு அடுத்தவரும் அல்லர். உண்டு நின்றவர்களுள் பெரும்பாலோர் கையில் கேமராவோடு வந்தவர்கள். சீனர் விற்கச் சீனர் உண்ட சந்தை இது. வெயில் ஏறுமுன் மூட்டை கட்டிவிடுகிறது.

சீனத்தவர் இங்கு வந்த கதை இனிப்பில் தொடங்கியது. வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆண்ட நாளில் டோங் அச்சூ என்னும் சீனர் பட்ஜ்பட்ஜுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றார், கரும்பு நட்டார், சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயராலேயே அவ்வூர் அச்சிப்பூர் ஆயிற்று. ஆற்றங்கரையில் குதிரை லாட வடிவில் செந்நிறம் தீட்டிய அவர் கல்லறை இருக்கிறது. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர் அங்குச் சென்று வழிபடுகின்றனர். அவர் வழியே பின்னர்ப் பலர் வந்தனர். ஹக்கா மக்கள் தோல் பதனிட்டனர். பென்டிங்க் தெருவில் செருப்புக்கடை வைத்தனர். கான்டனியர் தச்சுத் தொழில் செய்தனர், கப்பல்துறையில் உழைத்தனர். ஹூபேயிலிருந்து வந்தோர் பல் மருத்துவம் பார்த்தனர். ஷாங்காயினர் துணி வெளுத்தனர். நகரத்தின் காலில் இருந்ததும், பல்லில் இருந்ததும், மேனியில் மடிப்புக் குலையாது இருந்ததும் அவர்கள் கைவேலை.

சாத்தாவாலா சந்தில் சீ இப் கோயில் 1905இல் எழுந்தது. அருள்தெய்வமாகிய குவான் யின் மேல்தளத்தில் வீற்றிருக்கிறாள். கோயில் என்பது அவர்களுக்குத் தொழுமிடம் மட்டும் அன்று. ஒரே மாவட்டத்திலிருந்து வந்தோர் கூடிக் கட்டிய சங்கம் அது. கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு முதல் இரவுப் படுக்கையும், வேலை தேடித் தருவாரும், இறந்தால் எடுத்துப் போடுவாரும் அங்கே கிடைத்தனர். சற்றுத் தள்ளித் துங் ஓன் கோயிலின் செங்கல் மாடம் நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் 1924 முதல் நான்கிங் என்னும் உணவகம் நடந்தது. நகரத்துச் செல்வர் பலர் அங்கே விருந்துண்டனர். இன்று உணவகம் இல்லை. சங்கக் கூடம் ஒன்றில் முதியோர் மாஜாங் ஆடிக்கொண்டிருந்தனர். நால்வர் ஆடும் ஆட்டம் அது. மூவர் அமர்ந்திருந்தனர், நான்காமவர் வரும்வரை காத்திருந்தனர், அவர் வந்தபின் ஆடினர். அவர்களுக்குப் பின்னால், அமர இளையோர் இல்லாத நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

செருப்புத் தைத்த செங்கைகளே, எங்குற்றீர்? தேக்கை இழைத்துக் கப்பலுக்குள் வீடு செய்த தச்சர்களே, எங்குற்றீர்? திருநாளில் சிங்கமாடிய சிறுவர்களே, எந்நாட்டுப் பனியில் மூப்படைந்தீர்?

விடை அறியாத வினா அன்று இது. 1962 அக்டோபர் 20ஆம் நாள் இமயத்தின் எல்லையில் போர் மூண்டது; ஒரு திங்களில் ஓய்ந்தது. எல்லையில் துப்பாக்கி ஓயுமுன்பே ஊருக்குள் போர் தொடங்கியது. அசாமிலும் ஷில்லாங்கிலும் டார்ஜீலிங் மலையிலும் வாழ்ந்த சீனக் குடும்பங்கள் வீடு புகுந்து அழைத்துச் செல்லப்பட்டன. முதியோரும் கருவுற்ற பெண்டிரும் பள்ளிப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 3,000 பேர் இரயிலில் ஏற்றப்பட்டு, இராசத்தானத்துத் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. அவருள் பலர் இம்மண்ணில் பிறந்தவர். சீனத்தைக் கண்ணாலும் கண்டறியாதவர். முகாமிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டு. கடைசிக் குடும்பங்கள் வெளிவந்தபோது ஆண்டு 1967. வெளிவந்தோர் பலர் தம் வீடும் கடையும் ஏலம் போயிருக்கக் கண்டனர். முகாமுக்குக் கொண்டுசெல்லப்படாத கொல்கத்தாச் சீனரும் காவல் நிலையத்தில் பெயர் பதிந்து, ஊரெல்லை தாண்ட ஒப்புதல் பெற்று, அயலார் கண்ணுக்கு அஞ்சி வாழ்ந்தனர்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. தியோலியில் இருந்தோருள் பலரைக் கொண்டுசெல்லச் சீன அரசு 1963இல் கப்பல் அனுப்பியது. அக்கப்பல்கள் வந்து நின்ற துறை, சென்னைத் துறைமுகம். மூன்று தலைமுறை வாழ்ந்த நாட்டில் அவர்கள் கடைசியாகக் கண்ட கரை, நம் கரை. தாம் அறியாத நாட்டுக்குத் தம் பிறந்த நாட்டினின்று அவர்கள் கப்பலேறியதை நாம் நம் வரலாற்றில் எழுதிக்கொள்ளவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்லவும் இல்லை.

எஞ்சியோருள் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர். கிழக்குக் கொல்கத்தாவின் தாங்ராவில் ஹக்கா மக்கள் நடத்திய தோல் தொழிற்சாலைகளை வேறிடத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது; மாசு நீங்க வேண்டும் என்னும் நோக்கம் நல்லதே; தொழில் போனதோடு ஆட்களும் போயினர். 1969 முதல் கொல்கத்தாவிலிருந்து வந்த சியோங் பாவ் என்னும் சீனமொழி நாளேடும் 2020இல் நின்றுபோயிற்று. படிப்போர் அருகிய மொழிக்கு அச்சு எதற்கு என்று காலம் முடிவு செய்தது போலும்.

வெயில் ஏறிய வேளையில் பௌ பாரக்ஸ் வழியே நடந்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் படையினருக்கென எழுந்த செங்கல் அடுக்கு வீடுகள், பச்சைச் சன்னல்கள், வாசற்படியில் வெயில் காயும் முதியோர். இரயிலையும் தந்தியையும் சுங்கத்தையும் நடத்திய ஆங்கிலோ இந்தியரின் தெரு இது. பெரும்பாலான வீடுகளிலிருந்து இளையோர் கடல் கடந்துவிட்டனர். திசம்பரில் மட்டும் தெருமுழுதும் விளக்கு எரிகிறது. மக்களவையில் அவர்களுக்கென அரசியலமைப்பு ஒதுக்கியிருந்த நியமன இடங்கள் 2020 சனவரியோடு முடிவுற்றன. குடி சுருங்கியது என்று கூறிக் குரலையும் எடுத்துவிட்டோம்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் பிரபோர்ன் சாலை. கேனிங் தெரு அதனோடு கூடும் முனையில், பிளாஸ்டிக் பூவும் பையும் குடையும் விற்கும் கடைகளுக்குப் பின்னால், செங்கற் கோபுரம் ஒன்று வானளாவி நிற்கிறது. கடைக்காரரைக் கேட்டால்தான் வாயில் தெரியும். அது யூதரின் மாகேன் டேவிட் தொழுகைக்கூடம். அலெப்போவில் பிறந்த ஷாலோம் கோஹன் 1798இல் இந்நகரில் குடியேறினார். பாக்தாத் யூதர் அவரைத் தொடர்ந்தனர். எலியாஸ் டேவிட் எஸ்ரா தம் தந்தை டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாக இக்கூடத்தை 1884இல் எழுப்பினார். அதை ஒட்டி, 1831இல் தோன்றிய நெவே ஷாலோம். அடுத்த போலக் தெருவில், 1856இல் தோன்றிய பெத் எல். ஒரு சிறு வட்டத்துக்குள் மூன்று தொழுகைக்கூடங்கள் வேண்டியிருந்த அளவு மக்கள் இருந்தனர். இரண்டாம் உலகப் போரில் இரங்கூனிலிருந்து ஓடிவந்த யூதருக்கும் இந்நகரமே அடைக்கலம் தந்தது.

காவலர் சாவிக்கொத்தோடு வந்தார். தலையை மூடிக்கொள்ளுமாறு பணிவாகச் சொன்னார்; வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின்கீழ் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரம் சதுரமாகப் பாவிய பளிங்குத் தரை. வரிசையாக எழுந்த தூண்கள். திருமறைச் சுருள்கள் இருந்த பேழைக்குமேல் நீல அரைக்குவிமாடம். அதில் பொன் விண்மீன்கள். இருக்கைகளின் கைப்பிடி ஒவ்வொன்றையும் அவர் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இருக்கைகளில் ஒன்றில்கூட அமர்பவர் இல்லை. அவர் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம். இக்கூடங்களை அவர் போன்ற முஸ்லிம் குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றன. எந்தப் பேழையில் எது இருந்தது, எந்நாளில் எவ்விளக்கு ஏற்றுவர் என்பதை அவர் தந்தை சொல்லித் தந்தாராம்.

யூதரின் பொதுத் தொழுகைக்கு வளர்ந்த ஆடவர் பதின்மர் வேண்டும். அது மறைவிதி. இந்நூற்றாண்டில் இக்கூடங்களில் பதின்மர் கூடுவதே அரிதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரில் இன்று எஞ்சியிருப்போர் இருபதின்மர் அளவே. நாடு விடுதலை பெற்றதும், இசுரேல் தோன்றியதும், ஆங்கிலேயரோடு பிணைந்த வணிகம் சரிந்ததும் ஒன்றாய்க் கூடின. அவர்கள் இலண்டனுக்கும் இசுரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். வெறுத்து விரட்டியவர் இங்கு எவரும் இலர். இவ்வளவு நெடுங்காலம் அஞ்சாது வாழ்ந்த ஊர் உலகில் அவர்களுக்குச் சிலவே.

அவர்கள் விட்டுச் சென்றவை நிற்கின்றன. எஸ்ரா குடும்பம் எழுப்பிய எஸ்பிளனேடு மாளிகை நிற்கிறது. 1902இல் தொடங்கிய நஹூம் அடுமனை நியூ மார்க்கெட்டில் நிற்கிறது. கிறித்துமசு நாளில் கேக் வாங்க எல்லாச் சமயத்தாரும் அங்கே வரிசையில் நிற்கின்றனர். 1971இல் தாக்காவில் பாகிசுத்தானப் படை பணிந்தபோது சரணாகதியை முன்நின்று பேசி முடித்த செனரல் ஜேக்கப், இந்நகரத்து யூதக் குடியில் பிறந்தவர். யூதச் சிறுமியருக்கென 1881இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. பயில்வோருள் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர். கட்டியவர் பிள்ளைகள் நீங்கியபின் காத்தவர் பிள்ளைகள் படிக்கிறார்கள். கொடை இவ்வாறுதான் தன் கொடையாளியைக் கடந்து வாழ்கிறது.

பொழுது சாயும் வேளையில் ஆர்மேனியன் தெருவின் நெருக்கத்தினின்று நசரேத்துத் தேவாலய வாயிலுள் நுழைந்தேன். வெளியே மொத்த வணிகரின் கூச்சல். உள்ளே கல்லறைக் கற்கள் பாவிய முற்றம். நடப்பதற்கு வேறு தரை இல்லை. பெயர்களின் மேலேதான் கால் வைக்க வேண்டும். 1724இல் எழுந்த இத்தேவாலயம் நகரின் மிகப் பழைய கிறித்தவக் கோயில். முற்றத்தில் ஆர்மேனிய எழுத்துப் பொறித்த கல் ஒன்று உண்டு. ரெசாபீபி என்னும் பெண்ணுக்கு, அறக்கொடையாளரான சூக்கியாசின் மனைவிக்கு, நட்ட கல். அதில் படிக்கப்பட்ட ஆண்டு 1630.

அன்னையே, ஜாப் சார்னாக் இக்கரையில் வந்திறங்கிய 1690க்கு அறுபது ஆண்டு முன்பே நீ இம்மண்ணில் உறங்கிவிட்டாய். இந்நகர் தோன்றுமுன் உன் பெயர் இங்கே கல்லில் இருந்தது. உன் கணவன் யாருக்கு ஈந்தான், எத்தனை பேர் அவனால் உண்டனர் என்று சொல்வார் இன்று எவரும் இலர். ஈந்தான் என்பது மட்டும் நிற்கிறது. ஈந்தவன் பெயர் மனைவியின் கல்லில் நிற்கும் அளவுக்கு ஈந்தவன், யாருக்கு ஈந்திருப்பான்? இவ்வூராருக்கே அன்றோ?

ஆர்மேனியர் இந்நகருக்கு அள்ளித் தந்தவர்கள். ஆற்றங்கரையில் படித்துறை கட்டினர். 1821இல் அவர்கள் தொடங்கிய கல்விச்சாலை இன்றும் நடக்கிறது. ஆர்மேனியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். சனவரி 6ஆம் நாள் தம் முறைப்படி கிறித்து பிறப்பைக் கொண்டாடுகின்றனர். வந்து படித்துத் திரும்புவோர் அவர்கள். இங்கேயே பிறந்து இங்கேயே முடியும் குடும்பங்கள் மிகச் சிலவாகிவிட்டன. அவர்களின் தடம் நம் சென்னையிலும் உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் முதற்பாலம் கட்டியவர் ஆர்மேனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான். உலகின் முதல் ஆர்மேனிய இதழாகிய அஸ்தராரை 1794இல் அச்சிட்டது சென்னை. அதை நடத்திய ஹாருத்யூன் ஷ்மாவோன்யன் பாதிரியார் நம் ஆர்மேனியன் தெருத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உஸ்கானின் பாலம் இருந்த இடத்தை நாள்தோறும் கடக்கும் நாம் அவர் பெயரை ஒருநாளும் சொல்வதில்லை.

மாலையில் ஆற்றங்கரைப் படித்துறையில் அமர்ந்து, கண்டவற்றை ஒன்றோடொன்று வைத்து நினைத்தேன். நீங்கியோர் எல்லாரும் ஒருபடியாக நீங்கினார் அல்லர். ஆர்மேனியர் வணிகம் தேய, மெல்ல மெல்லத் தேய்ந்தனர். யூதர் தமக்கென நாடு பிறந்த காலத்தில் தாமே பெயர்ந்தனர். ஆங்கிலோ இந்தியர் இங்கு இனி இடமில்லை என்று அஞ்சிப் போயினர். சீனரை நாம் நீக்கினோம். முன்னவர்க்காக அழுவது நன்றி. சீனருக்காக அழுவது அதற்கும் மேற்பட்ட கடன். அழுவதோடு அது தீராது.

ஒரு நகரத்தின் பெருமை அது வளர்த்த தன் மக்களால் மட்டும் ஆவதன்று. வந்தோரை எத்தனை தலைமுறை தங்க வைத்தது, போவோர் எதை நினைந்து போயினர் என்பதாலும் ஆவது. கொல்கத்தா பல குடிகளை நூற்றாண்டுகளாகத் தங்க வைத்தது. அது அந்நகரின் புகழ். அக்குடிகளுள் ஒன்றை ஓர் எல்லைப்போரின் பெயரால் நாடு பகையாகக் கண்டது. அது நம் எல்லாரின் பழி.

ஆகவே அந்நகருக்குச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு பகலை இத்தெருக்களுக்குக் கொடுங்கள். நடந்து செல்லுங்கள். விடியலில் திரெட்டா பஜாரில் பசியாறுங்கள். படம் எடுக்குமுன் பேச்சுக் கொடுங்கள். தொழுகைக்கூடத்துக் காவலர் சொல்வதை முழுதும் கேளுங்கள். கல்லறைப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். பெற்றவர் நாம், பாடவேண்டியவரும் நாமே.

கையற்று நிற்பது இறந்தவர் முன்னே தகும். இருப்பவர் முன்னே தகாது. தியோலியில் குழந்தைகளாக அடைபட்டவர்களுள் பலர் கனடாவிலும் இந்தியாவிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். முதுமை எய்திவிட்டனர், ஆண்டுதோறும் அவர் தொகை குறைகிறது. இந்திய அரசிடம் அவர்கள் கேட்டது மன்னிப்பு. அது இன்னும் சொல்லப்படவில்லை. அவர்கள் காது கேட்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.